புலம்புகிறவரின் கட்சி

1565 வெற்றி, 1563 தோல்வி, 76 டிரா.

கட்சுயா நொமுரா 24 சீசன்கள் மேனேஜராக இருந்து சேர்த்த கணக்கு இது. 3204 ஆட்டங்கள் முடிந்தபின் அவர் கையில் மிஞ்சியது இரண்டே இரண்டு வெற்றிகள். இந்த எண்ணை வைத்து இரண்டு கூட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. "பாதிக்குப் பாதி ஜெயிச்சவருக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பது ஒன்று. இன்னொரு கூட்டம் இந்த எண்ணைப் பற்றி மூச்சே விடாது. ஜப்பானியப் புத்தகக் கடைகளில் வியாபாரப் புத்தகங்களுக்கான அலமாரியில் நொமுராவை அடுக்கி வைத்து, 'தலைமைப் பண்பு', 'டேட்டா', 'தோல்வியிலிருந்து மீள்வது எப்படி' என்று விற்பது இந்தக் கூட்டம்தான். அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்திருக்கின்றன, 2020 பிப்ரவரியில் 84 வயதில் அவர் இறந்த பிறகும் அது நிற்கவில்லை.

எனக்கு இரண்டு கூட்டத்தோடும் சண்டை. ஆனால் முதல் கூட்டத்தை மன்னித்துவிடலாம், அவர்களுக்கு ஸ்கோர் மட்டும்தான் தெரியும். இரண்டாவது கூட்டம் செய்வது அயோக்கியத்தனம். வாழ்நாள் முழுக்கப் புலம்பிய ஒரு மனிதரைப் புன்னகைக்கும் குருவாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானிய மொழியில் 'போயாகி' என்று ஒரு சொல் உண்டு. யாரையும் நேராகப் பார்க்காமல், ஆனால் எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்துக் குறைப்படுவது. நம் வீட்டில் சமையல்கட்டிலிருந்து வரும் புலம்பலை நினைத்துக்கொள்ளுங்கள். நொமுரா என்றாலே ஜப்பானில் போயாகிதான். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் அவரைச் சுற்றி நின்று அன்றைய புலம்பலை எழுதிக்கொண்டு போவார்கள். ரகுடென் அணியில் இருந்தபோது ஆட்டம் எப்படிப் போனது என்பதைவிட, கிழவர் இன்று என்ன சொன்னார் என்பதே பல நாள் செய்தியானது. இதை ஒரு வேடிக்கையான குணவிசேஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய அறிவு ஒருபக்கம் இருந்தது, புலம்பல் இன்னொருபக்கம் இருந்தது என்கிற மாதிரி. நான் சொல்வது வேறு. அந்தப் புலம்பல்தான் அவருடைய அறிவு.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். களத்தில் தடுப்பாட்டம் ஆடும் ஒன்பது பேரில் எட்டு பேர் ஒரே திசையைப் பார்த்து நிற்பார்கள். பேட்டருக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருக்கும் கேட்சர் மட்டும் எதிர்த்திசையைப் பார்ப்பார். மொத்த மைதானமும் அவர் கண்முன் விரிந்து கிடக்கும். விக்கெட் கீப்பர் மாதிரிதானே என்றால், பாதிதான் சரி. இங்கே அடுத்த பந்து எங்கே, எந்த வகையில் வரவேண்டும் என்று விரலால் சைகை காட்டுவதும் கேட்சர். பிட்ச்சர் தலையாட்டுவார், இல்லை மறுப்பார். ஒரு ஆட்டத்தில் நூறுக்கு மேல் இந்த மௌன உரையாடல் நடக்கும். அடி விழுந்தால் ஸ்கோர் அட்டையில் பிட்ச்சர் பெயர்தான் இருக்கும், ஆனால் அந்தப் பந்தை ஏன் கேட்டோம் என்ற கேள்வி கேட்சரைத் தூங்கவிடாது. எல்லாருடைய தவறும் தெரிகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டு, 'ஏன்யா எப்பவும் குறை சொல்ற' என்று கேட்டால் எப்படி?

நொமுராவுக்கு இந்த இடம் கிடைத்ததும் குறை கண்டுபிடிக்கும் கண்ணால்தான். 1935-இல் கியோத்தோ மாகாணத்தின் வடமுனையில், ஜப்பான் கடலோரத்து அமினோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா போரில் செத்துப்போனார். நோயாளி அம்மா. பையன் பேப்பர் போட்டுப் பிழைத்தான். இந்த இடத்தில் வயலின் வாசிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை, நாம் நகர்வோம். உண்மையில் கவனிக்கவேண்டியது பிறகு நடந்தது. எந்த அணியும் தேடி வராத அந்தப் பதினெட்டு வயதுப் பையன், தொழில்முறை அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு எந்த அணியில் கேட்சர்களுக்கு வயதாகிவிட்டது என்று பார்த்தான். அப்படித்தான் ஒசாகாவின் நன்காய் ஹாக்ஸ் அணியின் தேர்வுக்குப் போனான். பிடித்த அணி யோமியுரி ஜயண்ட்ஸ். ஆனால் பிடித்த அணியில் இடம் இல்லை.

1954-இல் எடுத்துக்கொண்டார்கள். எதற்கு எடுத்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. தன்னோடு தேர்வானவர்களில் பெரும்பாலோர் கிராமத்து கேட்சர்கள் என்பதைக் கவனித்தார். பிட்ச்சர்கள் பயிற்சியில் வீசுகிற பந்தைப் பிடித்துத் திருப்பிப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் அந்த வேலைக்குப் பெயரே 'சுவர்'. முதல் வருடம் களமிறங்கிய சில ஆட்டங்களில் ஒரு ஹிட் கூட இல்லை. வருடக் கடைசியில் போகச் சொன்னார்கள். அனுப்பினால் நன்காய் ரயில் முன்னால் விழுந்து சாவேன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நன்காய் ஒரு ரயில் கம்பெனி. எங்கே விழுவது என்பதில்கூட ஒரு யோசனை இருந்திருக்கிறது பாருங்கள்.

1957-இல் 30 ஹோம் ரன் அடித்துப் பட்டம் வாங்கினார். அதோடு அடி நின்றுபோனது. வளைந்து வரும் பந்து அவருக்கு ஆடவரவில்லை, அது எல்லா பிட்ச்சருக்கும் தெரிந்துவிட்டது. 'ஃபோர்க்கு பயம், கர்வுக்கு பயம்' என்றெல்லாம் ரசிகர்கள் கத்துவார்கள். சுயமுன்னேற்றப் புத்தகம் இங்கே 'ஆயிரம் முறை பேட் சுழற்றினார்' என்று எழுதும். சுழற்றினார்தான். பிரயோஜனம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். உடம்பால் முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கதையே தொடங்குகிறது. நன்காயில் ஓவாரி என்று ஒரு ஸ்கோரர் இருந்தார், பந்துக்குப் பந்து குறித்துவைப்பதையே முழுநேர வேலையாகச் செய்தவர். அவருடைய தாள்களை வாங்கி, எந்த எண்ணிக்கையில் எந்த பிட்ச்சர் எதை வீசுகிறார் என்று பார்க்கத் தொடங்கினார். நிஷிடெட்சு அணியின் கசுஹிசா இனாவோவை மட்டும் அப்படிப் பிடிக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவரைவிட்டு 16 மில்லிமீட்டர் கேமராவில் படம்பிடிக்கச் செய்து, அதை ஓட்டி ஓட்டிப் பார்த்து, கையில் பந்து எவ்வளவு தெரிகிறது என்பதிலிருந்து அடுத்து வருவது என்ன என்று கண்டுபிடித்தார். பிறகு ஒரு ஆல்-ஸ்டார் ஆட்டத்தின்போது நன்காயின் சொந்த நட்சத்திர பிட்ச்சர் சுகியுராவே வாய்தவறி 'இவன் உன்னை ரொம்ப ஆராய்ச்சி பண்றான்' என்று இனாவோவிடம் சொல்லிவிட்டார். நொமுரா முகம் வெளுத்துப்போயிருக்கும். அடுத்த ஆட்டத்திலிருந்து இனாவோ ஏமாற்றத் தொடங்கினார். நொமுரா மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

விளைவு என்ன? 1961 முதல் 1968 வரை தொடர்ந்து எட்டு வருடம் ஹோம் ரன் பட்டம். 1965-இல் சராசரி, ஹோம் ரன், அடித்துக்கொடுத்த ரன் மூன்றிலும் முதலிடம். போருக்குப் பிந்தைய ஜப்பானில் முதல்முறை, அதுவும் ஒரு கேட்சர். மொத்தம் 657 ஹோம் ரன், சதஹாரு ஓவின் 868-க்கு அடுத்து. 2901 ஹிட், ஹரிமொட்டோவுக்கு அடுத்து. 1988 அடித்துக்கொடுத்த ரன், மறுபடி ஓவுக்கு அடுத்து. 3017 ஆட்டம் ஆடியது நெடுங்காலம் சாதனையாக இருந்தது, 2015-இல் தனிஷிகே அதையும் தாண்டிப்போனார் (அவரும் கேட்சர்தான்). 1963-இல் 52 ஹோம் ரன் அடித்துப் புதுச் சாதனை வைத்தார். அடுத்த வருடமே ஓ 55 அடித்தார். எல்லாவற்றிலும் இரண்டாவது. ஒன்றில் மட்டும் யாரும் அவரை நெருங்கவில்லை. ஒரே அடியில் தன்னையும் ஓடிக்கொண்டிருக்கும் சகாவையும் அவுட்டாக்கிக் கொடுக்கும் 'டபுள் பிளே' 378 முறை. ஓடத் தெரியாத கால்கள்.

இந்த இடத்தில் அந்தப் புகழ்பெற்ற பூ வந்தே தீரும். 1975-இல் 600-வது ஹோம் ரன் அடித்தபோது, ஓவும் நகாஷிமாவும் சூரியகாந்தி என்றால் நான் ஜப்பான் கடலோரத்தில் சத்தமில்லாமல் பூக்கும் 'சுகிமிசோ' என்ற பொருளில் சொன்னார். நிலவைப் பார்க்கும் செடி என்று அர்த்தம், அந்தியில் பூப்பது. அன்றிலிருந்து அவரைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தப் பூவை எடுத்துச் சூடிக்கொள்கிறார்கள். புறக்கணிக்கப்பட்ட கலைஞன், நிழலில் பூத்தவன்... நமக்கும் இலக்கியத்தில் இந்த வியாதி உண்டு, கண்டுகொள்ளப்படாத மேதை என்றால் உடனே உருகிவிடுவோம். ஆனால் இந்த வாக்கியம் திடீரென உதித்ததல்ல, அந்த நாளுக்காக முன்பே யோசித்துவைத்தது என்று அவரே பின்னால் சொன்னார். இதில் சோகம் இல்லை, வழக்கு இருக்கிறது. அன்று நாடெங்கும் தொலைக்காட்சியில் ஓடியது ஜயண்ட்ஸ் ஆட்டம். நன்காய் இருந்த பசிபிக் லீகின் மைதானங்கள் காலி. எத்தனை அடித்தாலும் மறுநாள் பேப்பரில் ஓவும் நகாஷிமாவும்தான். அந்த ஏற்பாட்டின் மேல் ஒரு கேட்சர் தாக்கல் செய்த புகார் அது. புகாரைக் கவிதையாக்கிவிட்டால் யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை, இல்லையா?

1970-இல், கடைசி இடத்தில் கிடந்த நன்காய்க்கு ஆடிக்கொண்டே மேனேஜராகவும் ஆனார். உதவிக்கு டான் பிளேசிங்கேம் என்ற அமெரிக்கர். குறைகளை வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி என்பதை அங்கே பார்க்கலாம். ஹன்க்யூ அணியின் ஃபுகுமொட்டோ 1972-இல் 106 முறை பேஸ் திருடினார். நொமுராவின் தோளுக்கு அவரைப் பிடிக்கும் பலம் கிடையாது. 'என் தோள் போதாது' என்று புலம்பியதன் அடுத்த வரி, 'அப்படியென்றால் நீங்கள் சீக்கிரம் வீசுங்கள்' என்று பிட்ச்சர்களிடம் சொன்னது. காலைத் தூக்கி நிதானமாக வீசுவதைச் சுருக்கி வேகமாக வீசும் முறையை நன்காய் பிட்ச்சர்களுக்குப் பழக்கினார். இன்று ஜப்பானில் பள்ளிக்கூடப் பையன்கூட அப்படித்தான் வீசுகிறான். வேறு அணியில் ஒரு வெற்றிகூட இல்லாமல் இருந்த எமோட்டோ, இங்கே வந்து 1972-இல் 16 வெற்றி. ஜயண்ட்ஸ் கைகழுவிய யமவுச்சி, 1973-இல் 20 வெற்றி. 'நொமுரா மறுசுழற்சித் தொழிற்சாலை' என்று பெயர் வந்தது. தோள் போய்விட்ட பெரிய நட்சத்திரம் எனாட்சுவிடம், கடைசியில் வந்து சில ஓவர் மாதிரி கொஞ்ச நேரம் மட்டும் வீசு என்றபோது அவர் அதை அவமானமாக நினைத்தார். பேஸ்பாலில் ஒரு புரட்சி பண்ணுவோம் வா என்று பேசி மசியவைத்தார். அந்த எனாட்சுதான் பிறகு ஜப்பானின் மிகப் பெரிய கடைசிநேர பிட்ச்சராக ஆனார்.

1973-ஐப் பாருங்கள். சீசனை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். முதல் பாதியை நன்காய் ஜெயித்தது. இரண்டாம் பாதியில் ஹன்க்யூவிடம் 13 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, 12 தோல்வி, ஒரு டிரா. பிறகு இரு பாதி வெற்றியாளர்களும் மோதிய பிளே-ஆஃபில் அதே ஹன்க்யூவை 3-2 என்று வீழ்த்தி லீக் பட்டம். செத்த மாதிரி நடித்தார் என்றார்கள். வெற்றி சதவீதத்தை வைத்து இந்த மனிதரை அளப்பவர்கள் இந்த 12 தோல்வியை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

1977-இல் துரத்தினார்கள். காரணம், பின்னாளில் மனைவியான சச்சியோ அணி விவகாரங்களில் தலையிட்டார் என்பது. முழுக்கப் பொய்யில்லை. அதன்பின் லோட்டேயில் ஒரு வருடம், செய்புவில் இரண்டு வருடம், வெறும் ஆட்டக்காரராக.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்த இடம் 1980. வயது 45. ஒரு ரன் பின்தங்கிய ஆட்டம், பேஸ்கள் நிரம்பியிருக்கின்றன, ஒருவர்தான் அவுட். ஒரு உயரமான அடி போதும், சமம். அது தன்னால் நிச்சயம் முடியும் என்று கிளம்பியவரை மேனேஜர் திரும்பக் கூப்பிட்டு இளையவர் ஒருவரை அனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்து, இவன் சொதப்பட்டும் என்று நொமுரா வேண்டிக்கொண்டார். டபுள் பிளே. 'நல்லா வேணும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வீட்டுக்குக் காரில் போகும்போது, சொந்த அணி தோற்கவேண்டும் என்று நினைத்தவனுக்கு இனி இங்கே வேலையில்லை என்று முடிவெடுத்தார். இந்தக் கதை வெளியே தெரியக் காரணம், அவரே சொன்னதுதான். எல்லார் மேலும் குறை சொல்கிற வாய், தன் மனதில் ஓடிய கேவலத்தையும் அதே குரலில் சொல்கிறது. தலைமைப் பண்புப் புத்தகம் எதிலாவது இந்த அளவு நேர்மை உண்டா?

1990-இல் பத்து வருடமாக மேலே வராத யாகுல்ட் ஸ்வாலோஸ் அவரைக் கூப்பிட்டது. அங்கே ஒன்பது வருடத்தில் நான்கு லீக் பட்டம், 1993, 1995, 1997-இல் மூன்று ஜப்பான் தொடர். 1992-இலும் 93-இலும் எதிரே நின்ற செய்புவின் மேனேஜர் மசாகி மோரி, ஜயண்ட்ஸின் பொற்காலத்துக் கேட்சர். இரண்டு கேட்சர்கள் பதினான்கு ஆட்டம் சதுரங்கம் ஆடினார்கள், 3-4, பிறகு 4-3. இரண்டு பேரும் சிரித்துப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. 'ஐடி பேஸ்பால்' என்ற பெயர் அப்போது வந்தது, டேட்டாவைக் கொண்டுவருவது என்று பொருள். இன்றைய கம்ப்யூட்டர் ஆசாமிகள் இதைப் பிடித்துக்கொண்டு அவரைத் தங்கள் முன்னோராக அறிவிக்கிறார்கள். அய்யா, தாளில் இருக்கும் எண் எல்லா அணிக்கும் கிடைக்கும். நொமுரா கேட்டது வேறு. 'கொன்க்யோ' என்பார், ஆதாரம், காரணம். அந்தப் பந்தை ஏன் கேட்டாய்? சரியான பந்து, பேட்டர் அவுட். இருந்தாலும், ஏன் கேட்டாய்?

இந்தக் கேள்வியை அதிகம் வாங்கியவர் ஃபுருதா. கண்ணாடி போட்ட கேட்சர் உருப்படமாட்டான் என்று 1987-இல் எல்லா அணிகளும் விட்டுவிட்டார்கள், இரண்டு வருடம் கழித்து யாகுல்ட் எடுத்தபோது நொமுராவுக்கும் பெரிய விருப்பமில்லை. பெஞ்சில் தன் முன்னால் உட்காரவைத்து, எதிரணி கேட்சரின் ஒவ்வொரு சைகை பற்றியும் காதருகே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில். 1991-இல் ஃபுருதா பேட்டிங் பட்டம் வாங்கினார், நொமுராவுக்குப் பிறகு அதைச் செய்த முதல் கேட்சர். ஜப்பானிய அகராதியில் போயாகிக்கு எதிரே 'பாடம்' என்றும் ஒரு பொருள் போடலாம்.

சரி, எதிர்த்தரப்பு வழக்குக்கும் வருவோம். ஹன்ஷின் டைகர்ஸ், 1999 முதல் 2001 வரை. மூன்று வருடமும் கடைசி இடம். ஹன்ஷின் ரசிகர்களும் ஒசாகா விளையாட்டுப் பேப்பர்களும் எப்படி என்றால், மேனேஜர் தும்மினால் முதல் பக்கம். பெஞ்சில் காதோரம் சொல்லவேண்டிய புலம்பல் மறுநாள் தலைப்புச் செய்தியாகி ஆட்டக்காரன் காலைச் சாப்பாட்டோடு வந்தது. இமாவோகா என்ற நல்ல பேட்டர் அவரிடம் சுருண்டுபோனார். நொமுரா போனபின், சத்தம்போட்டு உற்சாகப்படுத்தும் ஹோஷினோவிடம் அதே இமாவோகா 2003-இல் பேட்டிங் பட்டம் வாங்கினார், அணியும் லீகை வென்றது. மறுக்க முடியாத சாட்சி. நேரில் சொன்னால் கல்வி, ஊர் கேட்கச் சொன்னால் அவமானம். இந்த எல்லை நொமுராவுக்குப் பாதி நேரம் தெரியவில்லை. 2001 டிசம்பரில் மனைவி வரி ஏய்ப்பு வழக்கில் கைதானதும் விலகினார்.

ஆனாலும் நான் கட்சி மாறமாட்டேன், 2004 இருப்பதால். அந்த வருடம் கின்டெட்சு, ஓரிக்ஸ் என்ற இரண்டு அணிகளை இணைத்து, லீகையே சுருக்கிவிட முதலாளிகள் திட்டம் போட்டார்கள். பேச்சுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்ட ஆட்டக்காரர் சங்கத் தலைவரை, வெறும் ஆட்டக்காரன்தானே என்கிற மாதிரி ஜயண்ட்ஸ் முதலாளி பேசினார். சங்கத் தலைவர் யார்? ஃபுருதா. மேலே இருப்பவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போகிற பழக்கம் அந்த மனிதருக்கு இல்லை. பகலில் பேச்சுவார்த்தை, இரவில் பேட்டரின் பின்னால் முகமூடி. செப்டம்பர் 18, 19 ஆகிய இரண்டு நாள், ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றின் முதல் வேலைநிறுத்தம். ரசிகர்கள் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். முதலாளிகள் இறங்கிவந்து புது அணிக்கு வழிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் செண்டாய் நகரத்து ரகுடென் ஈகிள்ஸ். 'ஏன்' என்று கேட்கப் பதினைந்து வருடம் பழகியவர் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. 'பாசிட்டிவா இரு' என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் இணைப்புத் திட்டத்தையும் ஒரு வாய்ப்பாகத்தான் பார்த்திருப்பான்.

அந்த ரகுடென் முதல் வருடம் 38 வெற்றி, 97 தோல்வி. 2006-இல் மேனேஜராக வந்தவர் நொமுரா, வயது 70. அதே வருடம் யாகுல்டில் ஃபுருதா ஆடிக்கொண்டே மேனேஜரானார், 1977-இல் நொமுராவை நன்காய் துரத்தியதற்குப் பிறகு அப்படி ஆன முதல் ஆள். நொமுராவின் முதல் வருடம் 47 வெற்றி, 85 தோல்வி, கடைசி இடம். இதெல்லாம் சேர்ந்ததுதான் மேலே சொன்ன 1563. 2009-இல் அணியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்து முதல்முறையாக பிளே-ஆஃபில் நுழைத்தார். அதே நேரத்தில் ஒப்பந்தம் முடிந்தது, கிளம்பலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதைப் பற்றியும் கிடைத்த மைக்கில் எல்லாம் புலம்பினார்.

சப்போரோவில் நிப்பான்-ஹாம் அணியிடம் கடைசி ஆட்டத்தைத் தோற்றபோது அவருக்கு வயது 74. ஜெயித்த மேனேஜரைத்தான் ஆட்டக்காரர்கள் தூக்கி ஆகாயத்தில் எறிந்து பிடிப்பது வழக்கம். அன்று நிப்பான்-ஹாம் ஆட்கள், அவர்களில் யாகுல்டில் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்த இனாபாவும் உண்டு, ரகுடென் ஆட்களோடு கலந்து நின்று, தோற்ற அந்தக் கிழவரைத் தூக்கி எறிந்தார்கள்.